இரண்டாம் குழந்தைக்கான பதில் முதல் குழந்தையிடம்

பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தை. பிழைப்பது சந்தேகம் என்று சொல்லியாகிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அப்பாவும் ஆச்சியும் நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்து, “மரபணு டெஸ்டுக்காகக் குழந்தையோட ரத்தம் ரெண்டு மில்லி எடுத்து வெச்சுக்கலாமா?” என்று கேட்கிறார். கோபம்தான் வரும். “பிள்ளையே போகப்போகுது, இப்ப எதுக்குய்யா டெஸ்டு?” என்று ஆச்சி கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. கேட்கிறவருக்கும் நா எழாது. அதனாலேயே பல இடங்களில் இந்தக் கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது.

கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. ஊதா மூடி போட்ட அந்தச் சின்னக் குழாய் ரத்தம் இந்தக் குழந்தைக்கு உதவப் போவதில்லை. அடுத்த முறை அந்தத் தாய் கருவுற்று, 11 அல்லது 12 வாரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து, “இந்தப் பிள்ளைக்கும் அது இருக்கா?” என்று கேட்கும்போது, பதில் சொல்லத் தேவையான சாவி அதில்தான் இருக்கும்.

‘அது’ என்று வீட்டில் பெயர் சொல்லாமல் குறிப்பிடப்படும் நோய்கள் பல. நான் இங்கே எடுத்துக்கொள்வது அவற்றுள் மிகக் கடுமையானவற்றில் ஒன்று: ஹார்லெக்வின் இக்தியோசிஸ். சுமார் 3 லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு வரும் பிறவித் தோல் நோய். பெரும்பாலும் குறைமாதத்தில் பிறக்கும் இந்தக் குழந்தையின் உடல் முழுவதும் தடித்த, மஞ்சளும் வெளுப்புமான தகடுகள் மூடியிருக்கும். தகடுகளுக்கு நடுவே ஆழமான சிவந்த வெடிப்புகள். தோல் இழுத்துப் பிடிப்பதால் இமைகள் வெளிப்பக்கமாகப் பிதுங்கிக் கண்ணை மறைத்துவிடும். உதடுகளும் அப்படியே பிதுங்கி வாய் திறந்தபடி நிற்கும். மூக்கும் காதுமடலும் தட்டையாக ஒட்டிக்கிடக்கும். மார்பைச் சுற்றிய தோல் விரியாததால் மூச்சுவிடுவது கடினம். விரல்களைச் சுற்றி இறுகும் தோல் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக்கூடும்.

இதைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் எழுத்துப் பதிவு ஒரு மருத்துவருடையது அன்று, ஒரு பாதிரியாருடையது. 1750 ஏப்ரலில், இன்று அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள சார்ல்ஸ்டன் நகரில், ஆலிவர் ஹார்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர் முந்தைய இரவு பிறந்த ஒரு குழந்தையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து நாட்குறிப்பில் எழுதினார். தோல் காய்ந்து, கெட்டியாகி, பல இடங்களில் வெடித்து, மீன் செதில் போலத் தெரிந்தது. வாய் பெரிதாக வட்டமாகத் திறந்திருந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடத்திலும் காது இருக்க வேண்டிய இடத்திலும் துளைகள் மட்டுமே இருந்தன. கண்கள் உறைந்த ரத்தக் கட்டிகளாகத் தெரிந்தன. குழந்தை சுமார் 48 மணி நேரம் உயிரோடு இருந்தது, தான் பார்த்தபோது அதற்கு உயிர் இருந்தது என்பதையும் குறித்துவைத்தார். பேய், பாவம், சாபம் என்ற பேச்சுகளுக்குக் குறைவில்லாத காலத்தில் வாழ்ந்த ஒரு மதபோதகர், கண்ணால் கண்டதை இத்தனை நிதானமாக எழுதியிருக்கிறார். 2016இல் நாக்பூரில் இதே நோயோடு ஒரு குழந்தை பிறந்தபோது நம் செய்தித் தளங்கள் பல ‘ஏலியன் குழந்தை’ என்று தலைப்பிட்டன. 266 ஆண்டுகளில் நாம் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறோம் என்று தெரியவில்லை.

தகடு ஏன் உண்டாகிறது? நம் தோலின் மேல்பரப்பு உயிரற்ற செல்களால் ஆனது. அடியில் பிறக்கும் செல்கள் மெல்ல மெல்ல மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, கெரட்டின் என்ற புரதத்தால் நிறைந்து, இறந்துபோய் அடுக்கடுக்காக நிற்கின்றன. செங்கல் சுவரைப் போல என்று தோல் மருத்துவர்கள் சொல்வார்கள்: இறந்த செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையில் உள்ள கொழுப்பு சுண்ணாம்புச் சாந்து. செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் என்று மூன்று வகைக் கொழுப்புகள் கலந்த இந்தச் சாந்துதான் உடம்பின் நீர் வெளியே போகாமலும் வெளியிலிருந்து கிருமி உள்ளே வராமலும் காக்கிறது.

சாந்து இடத்துக்கு வந்து சேரும் விதம் சுவாரசியமானது. மேல்நோக்கிப் போகும் செல், இறப்பதற்குச் சற்று முன்பு, தனக்குள்ளே மிக நுண்ணிய பைகளைத் தயாரித்துக்கொள்கிறது. செராமைடின் முன்வடிவமான கொழுப்பு இந்தப் பைகளில் ஏற்றப்படுகிறது. உரிய உயரம் வந்ததும் பைகள் செல்லின் விளிம்புக்குப் போய் உள்ளே இருப்பதை வெளியே கொட்டுகின்றன. கொழுப்பை அந்தப் பைகளுக்குள் ஏற்றும் வேலையைச் செய்யும் புரதத்துக்கு ஏபிசிஏ12 என்று பெயர். 2,595 அமினோ அமிலங்கள் கோத்த பெரிய புரதம். இது அடியோடு இல்லாமல் போனால் பைகள் காலியாகவும் உருக்குலைந்தும் இருக்கும். கொழுப்பு செல்லுக்குள்ளேயே தேங்கும். சுவருக்குச் சாந்து வராது. அதே பைகளில்தான் பழைய செல்கள் உதிர்வதற்குத் தேவையான நொதிகளும் பயணம் செய்கின்றன. அவையும் வந்து சேராததால் மேல் அடுக்கு உதிராமல் சேர்ந்துகொண்டே போகிறது. ஆக, இந்தக் குழந்தையின் தோல் பார்வைக்குக் கவசம் போல் தடித்திருந்தாலும் காவலுக்கு உதவாது. நீர் கசிந்து வெளியேறும், உடல் வெப்பம் நிற்காது, கிருமிகள் எளிதாக நுழையும்.

இதில் ஒரு வினோதம் உண்டு. கருப்பையில் இருக்கும்வரை குழந்தைக்கு இந்தக் குறையால் பெரிய கஷ்டம் இல்லை. சுற்றிலும் பனிக்குட நீர். காய்ந்த காற்று இல்லை. மூச்சுக்கு நுரையீரலை நம்பியும் இல்லை. எடை ஏறுகிறது, இதயம் துடிக்கிறது, அம்மாவுக்கு அசைவு தெரிகிறது. 18–20 வாரத்தில் எடுக்கும் வழக்கமான ஸ்கேனிலும் பெரும்பாலும் எதுவும் கண்ணில் படாது. தோல் முறைப்படி கெட்டிப்படத் தொடங்குவதே சுமார் 22–24 வாரத்தில்தான். மயிர்க்கால்களில் மட்டும் சற்று முன்பே அது தொடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு எடுக்கும் முப்பரிமாண ஸ்கேனில் மூடாத வட்ட வாய், தட்டை மூக்கு, பிதுங்கிய இமை, மடங்கிய விரல்கள் என்று அடையாளங்கள் தெரியலாம். பனிக்குட நீரில் உதிர்ந்த செதில்கள் மிதப்பது வெண்புள்ளிகளாகத் தெரிவதும் உண்டு, ஆனால் அது வேறு காரணங்களாலும் வரும். குடும்பத்தில் முன்னால் யாருக்கும் இல்லாத நோயை இந்த அடையாளங்களை வைத்துப் பிடிப்பதற்குள் கர்ப்பம் ஆறேழு மாதத்தைத் தாண்டியிருக்கும். அதனால்தான் முதல் குழந்தை எப்போதும் அதிர்ச்சியாகவே வருகிறது.

“எல்லா டெஸ்டும் நார்மல்னு சொன்னாங்களே டாக்டர்” என்று பெற்றோர் கேட்பது வழக்கம். உண்மைதான், எல்லாம் நார்மல்தான். டவுன் சிண்ட்ரோமுக்காகச் செய்யும் ரத்தப் பரிசோதனைகள் குரோமோசோம்களின் எண்ணிக்கை சரியா என்று பார்ப்பவை. இங்கே 46 குரோமோசோம்களும் ஒழுங்காக இருக்கின்றன. இரண்டாம் குரோமோசோமில் ஒரு மரபணுவில், சில சமயம் ஒரே ஓர் எழுத்தில் கோளாறு. அதைத் தேடாத பரிசோதனை அதைக் கண்டுபிடிக்காது.

மரபணு தெரியாத காலத்திலேயே இந்த மாதிரித் தோல் நோய்களைக் கருவில் கண்டறிய ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. தாயின் வயிற்றில் சிறு துளையிட்டு, மெல்லிய குழல்நோக்கி ஒன்றைக் கருப்பைக்குள் செலுத்தி, குழந்தையைக் கண்ணால் பார்த்து, அதன் தோலிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது. 1980இல் லண்டனில் சார்ல்ஸ் ரோடெக், ராபின் ஈடி ஆகியோர் இந்த முறையில், தொட்டாலே தோல் உரியும் இன்னொரு கொடிய பிறவி நோயைக் கருவிலேயே கண்டறிந்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஷெர்மன் எலியாஸ் குழுவினர் ஹார்லெக்வின் நோயை இதே வழியில் கண்டறிந்ததாக அறிவித்தனர்.

ராபின் ஈடியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். மருத்துவ மாணவராக இருந்தபோதே அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. நீண்ட கால டயாலிசிஸ் என்பதே அப்போதுதான் பிறந்த சிகிச்சை. 1963இல் அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குப் போய், அதன் முன்னோடியான பெல்டிங் ஸ்க்ரிப்னரிடம் சிகிச்சையில் சேர்ந்தார். பிறகு லண்டன் திரும்பி, படிப்பை முடித்து, தோல் மருத்துவரானார். இருபது ஆண்டுகளுக்கு மேல் டயாலிசிஸ் எந்திரத்தை நம்பி வாழ்ந்துகொண்டே, பிறக்காத குழந்தைகளின் தோலை நுண்ணோக்கியில் படிக்கும் கலையை வளர்த்தார். 1987இல் அவருடைய சகோதரர் ஒரு சிறுநீரகத்தைத் தந்தார். 2017இல் மறைந்தார். தீராத நோயோடு பிறக்கும் வாழ்க்கை வாழத் தக்கதா என்று கேட்கும் துறையில், தானே தீராத நோயாளியாக அரை நூற்றாண்டு வாழ்ந்த ஒருவர் முன்னோடியாக இருந்தது தற்செயல்தான். ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

தோல் துணுக்கு முறையில் மூன்று சங்கடங்கள். குழந்தையை இழக்கும் அபாயம் சிறிதல்ல. நுண்ணோக்கியில் பார்த்து முடிவு சொல்லும் அனுபவம் உலகத்தில் ஒரு சிலருக்கே இருந்தது. மூன்றாவதுதான் பெரியது: 20 வாரம் ஆகும்வரை தோலில் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. பாதிக் கர்ப்பத்தைக் கையைப் பிசைந்துகொண்டே கழிக்க வேண்டும். அன்றைய இந்தியச் சட்டத்தின்படி 20 வாரத்துக்கு மேல் கருக்கலைப்புக்கு அனுமதியும் இல்லை. எனவே பதில் வரும்போது அதை வைத்துச் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

வழி திறந்தது 2005இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு பிரான்ஸில் ஓர் ஆய்வுக்குழு, இதைவிட மிதமான இன்னொரு வகை இக்தியோசிஸ் உள்ள குடும்பங்களில் ஏபிசிஏ12 மரபணுவில் பிழைகளைக் கண்டிருந்தது. 2005இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் மசாஷி அகியாமாவின் குழுவும், லண்டனில் டேவிட் கெல்செல்லின் குழுவும் தனித்தனியே, ஹார்லெக்வின் நோய்க்கும் அதே மரபணுதான் காரணம் என்று நிறுவின. ஜப்பானியக் குழு ஒரு படி மேலே போய், நோயாளியின் தோல் செல்களுக்குள் சரியான மரபணுவைச் செலுத்தியபோது கொழுப்பு மறுபடி தன் இடத்துக்குப் போய்ச் சேர்வதையும் ஆய்வுக்கூடத்தில் காட்டியது. 2007இல் அகியாமா குழு டிஎன்ஏவை வைத்தே கருவில் இந்த நோயைக் கண்டறியும் முறையை வெளியிட்டது. தோல் கெட்டிப்படும்வரை காத்திருக்கும் தேவை அதோடு ஒழிந்தது. மரபணு எந்தச் செல்லில் இருந்தாலும் அதே மரபணுதான்.

இப்போது நடப்பது இது. 11 முதல் 13 வாரத்துக்குள் ஸ்கேன் பார்த்தபடியே ஓர் ஊசியைச் செலுத்தி நஞ்சுக்கொடியிலிருந்து சில மில்லிகிராம் திசு எடுக்கிறார்கள். மருத்துவமனைகளில் இதை சி.வி.எஸ். என்பார்கள். நஞ்சுக்கொடி, குழந்தை இரண்டும் ஒரே கருமுட்டையிலிருந்து வந்தவை, எனவே மரபணுவும் ஒன்றே. அந்த வாரங்களைத் தவறவிட்டால் 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்து அதில் மிதக்கும் குழந்தையின் செல்களைச் சோதிக்கலாம். பழகிய கைகளில் இந்த ஊசியால் கர்ப்பம் கலையும் வாய்ப்பு இருநூறில் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லப்படுகிறது.

ஊசியைவிட ஆபத்தான இடம் ஆய்வுக்கூடத்து மேஜையில் இருக்கிறது. எடுத்த திசுவோடு தாயின் கருப்பைச் சவ்வும் ஒட்டிக்கொண்டு வரும். பெற்றோர் இருவரும் சொந்தக்காரர்கள், இருவரிடமும் ஒரே பிழை இருக்கிறது என்று வையுங்கள். நோயுள்ள கருவிடம் மரபணுவின் இரண்டு பிரதியிலும், அம்மா தந்ததிலும் அப்பா தந்ததிலும், பிழை இருக்கும். தாயிடம் ஒரு பிரதி சரி, ஒரு பிரதி பிழை. தாயின் செல்கள் கலந்துவிட்டால் கருவியில் சரியான பிரதியும் தெரியும். குழந்தை வெறுமனே பிழையைச் சுமக்கிறது, நோய் இல்லை என்று அறிக்கை போய்விடும். ஐந்தாறு மாதம் கழித்து என்ன நடக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை. அதனால் திசுவை நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் தாயின் பகுதியைப் பிரித்து அகற்றுகிறார்கள். பிறகு தாயின் ரத்தத்தையும் எடுத்து, ஆளுக்கு ஆள் நீளம் மாறுபடும் டிஎன்ஏ அடையாளங்களை ஒப்பிட்டு, கலப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகே முடிவைச் சொல்ல வேண்டும். அறிக்கையில் இந்த ஒரு வரி இருக்கிறதா என்று பெற்றோர் கேட்டுப் பார்க்கலாம். நல்ல ஆய்வுக்கூடம் கோபித்துக்கொள்ளாது.

முதல் குழந்தையின் ரத்தம் எதற்கு என்பது இப்போது புரியும். ஏபிசிஏ12 நீளமான மரபணு, 53 துண்டுகளாகச் சிதறிக் கிடப்பது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிழை வேறு. எங்கே தேடுவது என்று முன்கூட்டியே தெரிந்தால் சி.வி.எஸ். திசுவில் அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும். தெரியாமல் முழு மரபணுவையும் படிக்கப் போனால், பிழையா இயல்பான வேறுபாடா என்று தீர்மானிக்க முடியாத மாற்றங்கள் தட்டுப்படும். கர்ப்பிணி காத்திருக்கும்போது அறிக்கையில் ‘பொருள் தெளிவில்லாத மாற்றம்’ என்று வருவதைவிடக் கொடுமை வேறு இல்லை. நோயுற்ற குழந்தையிடம் இரண்டு பிரதியிலும் பிழை இருந்தது, அம்மாவிடம் ஒன்று, அப்பாவிடம் ஒன்று என்று முன்பே பொருத்திப் பார்த்திருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பிறந்தவுடன் கண்ணால் பார்த்து வைத்த பெயர் எப்போதும் சரியாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. கொலோடியன் குழந்தை என்று ஒன்று உண்டு. உடல் முழுவதும் பளபளப்பான இறுகிய சவ்வு போர்த்தியது போல் பிறக்கும். இதற்குப் பின்னால் பல வேறு மரபணுக்கள் இருக்கலாம். சவ்வு சில வாரங்களில் உரிந்து, அடியில் கிட்டத்தட்ட இயல்பான தோல் தெரியும் குழந்தைகளும் உண்டு. ஏபிசிஏ12 மரபணுவிலேயேகூட, புரதம் அடியோடு இல்லாமல் போகும் பிழைகள் ஹார்லெக்வினைத் தருகின்றன. புரதம் ஓரளவு வேலை செய்யும் பிழைகள் மிதமான நோயைத் தருகின்றன. ஆகவே “முதல் பிள்ளைக்குச் செதில் மாதிரி ஏதோ இருந்தது” என்ற நினைவை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த கர்ப்பத்தில் முடிவெடுப்பது ஆபத்து.

வெடித்த தோலில் ஊசி போட இடம் கிடைக்காது என்பது உண்மையே. அதற்கும் வழி உண்டு. பிரசவத்தின்போதே தொப்புள்கொடி ரத்தத்தில் கொஞ்சம் பிடித்து வைக்கலாம். தொப்புள்கொடி ரத்தக்குழாய் வழியாகத்தான் பெரும்பாலும் இந்தக் குழந்தைகளுக்கு மருந்தே போகிறது, அதிலிருந்தும் எடுக்கலாம். வடிகட்டித் தாளில் காயவைத்த சில சொட்டுகள்கூட உதவும். பிரித்தெடுத்த டிஎன்ஏ உறைபெட்டியில் ஆண்டுக்கணக்கில் கெடாது. பரிசோதனைக்கு உடனே பணம் கட்ட வேண்டியதில்லை. எடுத்து வைப்பதுதான் அவசரம். எதுவும் எடுக்காமலே குழந்தையை அடக்கம் செய்துவிட்டால் கதை முடிந்துவிடவில்லை. பெற்றோர் இருவருடைய மரபணுக்களையும் வரிசைப்படுத்தி, இருவருமே ஏபிசிஏ12 பிழையைச் சுமக்கிறார்களா என்று தேடலாம். வழி சுற்றுவழி, அதையும் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

இனி, கொஞ்சம் கணக்கு. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒரு பிழைப் பிரதியைச் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கும் வராது என்று பொருளில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் சீட்டுக் குலுக்கப்படுகிறது. நோய் 3 லட்சத்தில் ஒருவருக்கு என்றால், பிழையைச் சுமப்பவர் தோராயமாக 270 பேரில் ஒருவர் என்று கணக்கு வரும். அப்படிச் சுமக்கும் ஒருவருக்கு அதே பிழையைச் சுமக்கும் துணை தற்செயலாக அமைவது அரிது. ஆனால் அவர் கட்டுவது அத்தை மகளை அல்லது மாமன் மகளை என்றால், அவளிடம் அதே பிழை இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டினால் நான்கில் ஒன்று. இந்த எண்களைப் பெருக்கிப் பார்த்தால், 3 லட்சத்தில் ஒன்று என்ற அபாயம் மாமன் மகள், அத்தை மகள் திருமணத்தில் சுமார் 9,000இல் ஒன்றாகவும், தாய்மாமன் திருமணத்தில் சுமார் 4,400இல் ஒன்றாகவும் மாறுகிறது. தனியாகப் பார்த்தால் இப்போதும் சிறிய எண்தான். சொந்தத்தில் கட்டிய பெரும்பாலானோரின் பிள்ளைகள் நலமாகத்தான் இருக்கிறார்கள், அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் இதே போல ஒளிந்திருக்கும் நோய்கள் ஆயிரத்துக்கும் மேல். எல்லாவற்றுக்கும் இதே பெருக்கல் பொருந்தும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் நூற்றுக்கு 28 சொந்தத்துக்குள் நடந்தவை. நாட்டின் சராசரி 11. உலகத்துக்கு அரிதான நோய், நம் ஊர்ப் பிரசவ வார்டுக்கு அத்தனை அரிதில்லை.

தாயின் ரத்தத்தை மட்டும் எடுத்து, ஊசியே இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க முடியாதா? 1997இல் ஆய்வாளர் டென்னிஸ் லோவும் சகாக்களும் கர்ப்பிணியின் ரத்தத்தில் கருவின் டிஎன்ஏ துணுக்குகள் மிதப்பதைக் காட்டிய நாளிலிருந்து இந்த ஆசை இருக்கிறது. அப்பாவின் பிழை ஒன்று, அம்மாவின் பிழை வேறொன்று என்றால் வேலை சுலபம்: அம்மாவின் ரத்தத்தில் அப்பாவின் பிழை தெரிகிறதா என்று தேடலாம், தெரியவில்லை என்றால் குழந்தைக்கு நோய் இல்லை. சொந்தத்தில் கட்டியவர்களிடம் இது சிக்கலாகிறது. இருவருக்கும் ஒரே பிழை, அது அம்மாவின் சொந்த டிஎன்ஏவிலேயே பாதிக்குப் பாதி இருக்கிறது. ரத்தத்தில் மிதப்பதில் 10 சதவீதம் கருவுடையது என்று வைத்தால், குழந்தைக்கு நோய் இருந்தால் பிழையின் பங்கு 55 சதவீதம், குழந்தை பிழையை மட்டும் சுமந்தால் 50, இரண்டு பிரதியும் சரி என்றால் 45. இந்த ஐந்து சதவீத வித்தியாசத்தை நம்பி உயிர் பற்றிய முடிவெடுக்க மிகத் துல்லியமான எண்ணும் முறை வேண்டும். எந்தச் சமூகத்துக்கு இந்தப் பரிசோதனை அதிகம் தேவையோ அங்கேதான் அது தடுமாறுகிறது. இப்போதைக்கு ஊசிக்கு மாற்று இல்லை. கருவை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, ஐந்தாம் நாளில் சில செல்களை எடுத்துச் சோதித்து, நோயில்லாத கருவைக் கருப்பையில் வைக்கும் வழியும் இருக்கிறது. பணமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கருவில் மரபணு நோய்களைக் கண்டறிவதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. பதிவு பெற்ற மையத்தில், தாய்க்குப் புரியும் மொழியில் விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே செய்ய வேண்டும். ஆணா பெண்ணா என்பதைச் சொல்லக் கூடாது. கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்ட பிறகு, கருவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தால் 20 வாரத்துக்கு மேல் 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தோடும், அதற்கு மேல் மருத்துவக் குழுவின் முடிவோடும் அனுமதி கிடைக்கலாம். சி.வி.எஸ். முடிவு அதற்கு வெகு முன்பே வந்துவிடும் என்பதால் பல வீடுகளில் அந்த வாசல்வரை போக வேண்டியிருக்காது.

நோய் இருக்கிறது என்று முடிவு வந்தால் கர்ப்பத்தைக் கலைத்தே ஆக வேண்டுமா? இல்லை. ஹார்லெக்வின் என்றாலே மரணம் என்ற நிலை மாறிவிட்டது. உலகெங்கும் 45 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 25 பேர் பிழைத்திருந்தார்கள், மூத்தவருக்கு வயது 25. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதங்களுக்குள், மூச்சுத் திணறலாலும் கிருமித் தொற்றாலும் இறந்தவர்கள். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாய்டு மருந்து சீக்கிரம் கொடுக்கப்பட்டவர்களில் 83 சதவீதம் பிழைத்தார்கள், கொடுக்கப்படாதவர்களில் 76 சதவீதம் இறந்தார்கள். மருந்தின் மகிமை என்று இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்து தொடங்கும்வரை தாக்குப்பிடித்த குழந்தைகள் முதலிலேயே கொஞ்சம் திடமானவர்களாக இருந்திருப்பார்கள். ஈரப்பதம் நிறைந்த இன்குபேட்டர், நாள் முழுவதும் பூசும் களிம்பு, கண்ணுக்குச் சொட்டு மருந்து, குழாய் வழி ஊட்டம், இரவு பகல் பாராத செவிலியர் பராமரிப்பு ஆகியவற்றின் பங்கு அதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிழைத்தவர்களின் தோல் சிவந்து செதில் உதிர்ந்துகொண்டே இருக்கும். தினமும் நீண்ட நேரக் குளியல், மணிக்கொரு தரம் களிம்பு, வியர்வை சரியாக வராததால் வெயில் பகை. நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் அதற்கு என்ன பொருள் என்று யோசிக்க வேண்டும். அறிவு வளர்ச்சிக்குப் பொதுவாகக் குறையில்லை, படித்து வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். முன்பே தெரிந்திருந்தால், எல்லா வசதியும் உள்ள மருத்துவமனையில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். எந்த முடிவானாலும் அது அந்தத் தம்பதியுடையது. மாமியார் வீட்டுடையதும் அல்ல, டாக்டருடையதும் அல்ல.

இந்தப் பரிசோதனையைக் கருக்கலைப்போடு மட்டும் இணைத்துப் பார்ப்பவர்கள் எளிய கணக்கு ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நான்கில் மூன்று முறை பதில் ‘நோய் இல்லை’ என்பதுதான். ஒரு குழந்தையை அப்படிப் பறிகொடுத்த தம்பதி, இன்னொரு முறை அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கத் திராணியில்லாமல் குழந்தையே வேண்டாம் என்று இருந்துவிடுவது உண்டு. அவர்களுக்கு 13 வாரத்தில் நல்ல சேதி சொல்லி மிச்ச ஆறு மாதத்தை நிம்மதியாகக் கழிக்க வைப்பதே இந்த ஊசி அதிகமுறை செய்கிற வேலை.

குடும்பத்தின் பிழை எது என்று தெரிந்த பிறகு இன்னொரு காரியமும் எளிதாகிறது, அதைத்தான் நாம் அநேகமாகச் செய்வதில்லை. பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவரும் அதே பிழையைச் சுமக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. நலமாகப் பிறந்த மற்ற பிள்ளைகள் சுமக்க மூன்றில் இரண்டு. ஹார்லெக்வினோடு பிறந்து, பிழைத்து, அமெரிக்காவில் ஒரு பெண் இரண்டு நலமான குழந்தைகளுக்குத் தாயானார்; அந்தக் குழந்தைகள் இருவரும் உறுதியாக ஆளுக்கொரு பிழையைச் சுமப்பவர்கள். சுமப்பவருக்கு எந்தக் கேடும் இல்லை, தோலில் ஓர் அடையாளமும் இருக்காது. அவர் யாரைக் கட்டுகிறார் என்பதில்தான் விஷயம். ஓர் இடத்தை மட்டும் பார்க்கும் பரிசோதனை என்பதால் செலவும் குறைவு. ஆகவே சித்தப்பா மகனுக்கும் அத்தை மகளுக்கும் சம்பந்தம் பேசும் அடுத்த கூட்டத்துக்கு முன்னால், அந்த வீட்டில் யாராவது ஒருவர் பழைய ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்து, “கல்யாணம் பேசுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் இந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் பார்த்துட்டு வாங்க” என்று சொல்ல வேண்டும். இருவரில் ஒருவரிடம் இல்லை என்று வந்தாலே போதும், இந்த நோயைப் பொறுத்தவரை அந்தக் கல்யாணத்துக்குத் தடையில்லை.